வடிகட்டல் தொழிலும் வட்டாரச் சங்கமும்



வடிகட்டியைப் பற்றியும் கழிவுநீரைப் பற்றியும் பேச ஓர் அறக்கட்டளை மேடை கிடைத்திருக்கிறது. இதைப் பெரும் பேறாகவே கருதுகிறேன். இன்று நான் சொல்ல வந்த கருத்து ஒன்றுதான். வடிகட்டி என்பது பார்த்த மாத்திரத்தில் தரம் சொல்லிவிடக்கூடிய பொருள் அல்ல; அளந்த பிறகே அதை நம்ப முடியும். எப்படி அளப்பது என்பதை விற்பவர் மட்டும் முடிவு செய்தால் வாங்குபவர் ஏமாறுவார். வாங்குபவர் மட்டும் முடிவு செய்தால் விற்பவர் ஒத்துக்கொள்ள மாட்டார். தொழிலில் இருப்பவர்கள் கம்பெனி வேறுபாட்டைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வகுத்தால்தான் அளவு நிற்கும். அப்படி உட்காரும் இடத்தைத்தான் தொழில்முறைச் சங்கம் என்கிறோம். திருப்பூர், ஈரோடு, ராணிப்பேட்டை என மிகக் கடினமான கழிவுநீரை நாள்தோறும் பிரித்தெடுக்கும் நம் வட்டாரத்துக்கு அத்தகைய சங்கம் வேண்டும் என்பதை இந்த உரையில் நிறுவ முயல்கிறேன்.

ஆல்டோனாவின் மணல் தொட்டிகள்

1892 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா வெடித்தது. சில வாரங்களில் ஏறத்தாழ 8,600 பேர் இறந்தார்கள். ஹாம்பர்க் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குழாயில் விட்டுக்கொண்டிருந்தது. அதை ஒட்டியே ஆல்டோனா என்ற நகரம் இருந்தது. அதுவும் எல்பே நீரைத்தான் குடித்தது, அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு, ஆற்றின் கீழ்ப்பகுதியில் எடுத்த நீரை. ஆனால் ஆல்டோனா அந்த நீரை மணல் தொட்டிகளில் மெல்ல வடித்து அனுப்பியது. இரு நகரங்களின் எல்லை ஓடிய தெருக்களில் ஒரு பக்கத்து வீடுகளில் காலரா, எதிர்ப்பக்கத்து வீடுகளில் இல்லை. வடிகட்டல் உயிர் காக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் பொதுச் சுகாதார வரலாற்றில் அரிது.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் கதையை இங்கே நிறுத்திவிடுகின்றன. வடிகட்டல் தொழிலில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இதற்குப் பிறகு வருகிறது. சில மாதம் கழித்து, 1893-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அதே ஆல்டோனாவில் காலரா தலைகாட்டியது. கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக் நேரில் ஆராய்ந்தார். கடுங்குளிரில் மணல் தொட்டி ஒன்றைத் துப்புரவு செய்தபோது மணற்பரப்பு உறைந்துபோயிருந்தது; அந்தத் தொட்டி கிருமிகளைத் தடுக்கும் திறனை இழந்துவிட்டது. கோடையில் ஊரைக் காத்த அமைப்பே குளிர்காலத்தில் ஓரிடத்தில் தோற்றது. வெளியே வந்த நீரைப் பார்த்து அந்த வேறுபாட்டைச் சொல்லியிருக்க முடியாது.

இதிலிருந்து கோக் வகுத்த விதிகள் மூன்று. மணலின் வழியே நீர் இறங்கும் வேகம் மணிக்கு 100 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. வடிந்த நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 கிருமிகளுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும். எல்லாத் தொட்டி நீரையும் கலந்து சோதிக்காமல் ஒவ்வொரு தொட்டியையும் தனித்தனியாக, நாள்தோறும் சோதிக்க வேண்டும். முதல் இரண்டும் எண்கள். மூன்றாவதுதான் தொழிலின் ஒழுக்கம். கலந்து சோதித்தால் கெட்ட தொட்டி நல்ல தொட்டிகளுக்குள் ஒளிந்துகொள்ளும். இன்று ஓர் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) நிலையத்தில் ஒவ்வொரு குழலிலிருந்தும் வடிந்துவரும் பர்மியேட்டைத் தனித்தனியே பிடித்து டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) பார்க்கும் ஆபரேட்டர் கோக்கின் மூன்றாவது விதியைத்தான் கடைப்பிடிக்கிறார்.

சென்னையில் கீழ்ப்பாக்கம் குடிநீர் நிலையம் 1914-இல் இயங்கத் தொடங்கியபோது அங்கும் இதே மெதுமணல் தொட்டிகள்தாம் அமைந்தன. ஐரோப்பாவின் துயரத்திலிருந்து பிறந்த அறிவு இருபதே ஆண்டுகளில் நம் ஊர் வந்து சேர்ந்தது.

ஒரு வட்டாரம் எப்படி உருவாகிறது

வட்டாரம் என்ற சொல்லை நான் வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். வடிகட்டல் அறிவு ஓரிடத்தில் திரளும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

1915-இல் ஃபிராங்க் டொனால்ட்சன் என்ற டிராக்டர் விற்பனையாளர், யூட்டா மாநிலத்தின் புழுதி நிலத்தில் ஓடிய டிராக்டரின் எஞ்சின் சீக்கிரமே தேய்ந்துபோனதைக் கண்டார். புழுதிதான் காரணம் என்று உணர்ந்து, காற்று நுழையும் குழாயின் வாயில் ஓர் எளிய வடிகட்டியைப் பொருத்தினார். அந்த யோசனையிலிருந்து மினசோட்டாவில் ஒரு கம்பெனி எழுந்தது. பிறகு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் காற்றில் மிதக்கும் நுண்துகள்களை அளக்கும் ஆய்வுக்கூடம் வளர்ந்தது. கென்னத் விட்பி, பெஞ்சமின் லியு போன்றவர்கள் அங்கே துகளை எண்ணும் கருவிகளை உருவாக்கினார்கள். அதே மினியாப்பொலிஸ் நகரில் நார்த் ஸ்டார் ஆராய்ச்சி நிலையத்தில் ஜான் கேடட் ஆர்.ஓ. மெம்பிரேன் ஆய்வில் இறங்கினார்.

மெம்பிரேனின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோப், இந்தியாவிலிருந்து சென்ற ஸ்ரீனிவாச சௌரிராஜன் இருவரும் 1950-களின் இறுதியில் செல்லுலோஸ் அசிடேட் தாள்களைக் கொண்டு உப்பைப் பிரிக்க முயன்றனர். ஒரு தாளை நீரில் சூடாக்கிச் சோதித்தபோது சில முறை உப்பு நன்றாகப் பிரிந்தது, சில முறை பிரியவேயில்லை. தாளின் ஒரு குறிப்பிட்ட பக்கம் உப்புநீரைப் பார்த்திருந்தால்தான் வேலை நடக்கிறது என்பதை அவர்கள் கண்டறிந்தார்கள். தாளின் ஒரு முகத்தில் மட்டும் மிக மெல்லிய, நெருக்கமான தோல் இருந்தது; மீதியெல்லாம் அந்தத் தோலைத் தாங்கும் துளைமிகு உடல். தோல் மெலிந்தால் நீர் அதிகம் வரும் என்ற உண்மை அங்கே பிடிபட்டது. 1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூருக்கு ஆர்.ஓ. முறையில் குடிநீர் கிடைத்தது. சௌரிராஜன் பின்னர் கனடா சென்று தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் நெடுங்காலம் இத்துறையை வளர்த்தார்.

கேடட் செய்தது அடுத்த படி. தோலையும் உடலையும் தனித்தனிப் பொருளில் செய்தார். துளைமிகு அடித்தளத்தின் மேல் பாலிஅமைடு தோலை நேரடியாக வளர்த்தார். அதன் தடிமன் 0.2 மைக்ரான் அளவுதான். ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. இன்று நம் ஊர் ஆர்.ஓ. குழல்களில் இருப்பது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மெம்பிரேன்தான். 8 அங்குல விட்டமும் 40 அங்குல நீளமும் உள்ள ஒரு குழலுக்குள் ஏறத்தாழ 400 சதுர அடித் தோல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

டிராக்டர் புழுதி, துகள் ஆய்வுக்கூடம், ஆர்.ஓ. தோல் என எல்லாம் ஒரே வட்டாரத்தில் திரண்டன. ஒருவர் கண்டது இன்னொருவர் காதுக்கு எட்டும் தூரத்தில் எல்லோரும் இருந்தார்கள். கம்பெனி விட்டுக் கம்பெனி போனவர்கள் அனுபவத்தையும் உடன் கொண்டுபோனார்கள். வட்டாரத்தின் பலம் இந்த அருகாமைதான்.

அரிசோனா மண்ணும் ஒரு பொது அளவும்

அருகாமை மட்டும் போதாது. இரண்டு கம்பெனிகள் இரண்டு விதமாக அளந்தால் அருகருகே இருந்தும் பயனில்லை.

நம் நிலையங்கள் எல்லாவற்றிலும் இருக்கும் கார்ட்ரிட்ஜ் ஃபில்டரை எடுத்துக்கொள்வோம். உறையில் 5 மைக்ரான் என்று அச்சிட்டிருக்கும். அந்த 5 மைக்ரானுக்கு என்ன பொருள்? 5 மைக்ரான் துகள் நூறு வந்தால் எத்தனை நிற்கும்? நாமினல் என்று குறிப்பிட்ட கார்ட்ரிட்ஜுக்கு இதற்கு ஒரே விடை கிடையாது; செய்தவர் தமக்குத் தோன்றிய விழுக்காட்டை வைத்துக்கொள்ளலாம். ஒரு கார்ட்ரிட்ஜ் பாதியை நிறுத்தும், மற்றொன்று ஆயிரத்தில் 999-ஐ நிறுத்தும். இரண்டின் உறையிலும் 5 மைக்ரான் என்றே இருக்கும். விலை மட்டும் வேறுபடும். டெண்டரில் குறைந்த விலை வெல்லும்.

எண்ணெய் வடிகட்டித் தொழில் இந்தக் குழப்பத்திலிருந்து மீண்ட வழி நமக்குப் பாடம். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் ஃபிட்ச் தலைமையிலான குழு ஒரு சோதனையை உருவாக்கியது. வடிகட்டியின் வழியே எண்ணெயைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, அறிந்த அளவு தூசியைத் தொடர்ந்து சேர்த்து, வடிகட்டிக்கு முன்னும் பின்னும் துகள்களை எண்ணுவார்கள். முன்னால் இருக்கும் எண்ணிக்கையைப் பின்னால் இருப்பதால் வகுத்தால் கிடைப்பது பீட்டா மதிப்பு. 10 மைக்ரானுக்குப் பீட்டா 2 என்றால் பாதிதான் நிற்கிறது. 200 என்றால் 99.5 சதவீதம், 1,000 என்றால் 99.9 சதவீதம். இன்று ஐ.எஸ்.ஓ. 16889 என்ற பெயரில் இதுவே உலகப் பொதுமுறை.

சோதனைக்குத் தூசி வேண்டுமே. எல்லோரும் ஒரே தூசியைப் பயன்படுத்தினால்தான் ஒப்பிட முடியும். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவன மண்ணைச் சலித்துத் தரப்படுத்தி உலகெங்கும் அனுப்பினார்கள். பல பத்தாண்டுகள் அந்தத் தூசியைத் தந்துவந்த நிறுவனம் 1992-இல் நிறுத்தியபோது தொழில் முழுவதும் அதிர்ந்தது. புதுத் தூசிக்குப் புது விதிகள் எழுதினார்கள். அந்தச் சாக்கில் துகள் எண்ணும் கருவிகளையும் மறுபடி அளவு சரிபார்த்தபோது, 5 மைக்ரான் என்று இத்தனை காலம் எண்ணிவந்தது 6.4 மைக்ரான் என்றும், 10 என்று எண்ணியது 9.8 என்றும் தெரியவந்தது. அதாவது உலகம் முழுவதும் சேர்ந்தே தவறாக அளந்திருந்தது. உலகம் முழுவதும் சேர்ந்தே திருத்திக்கொண்டது. போட்டியாளர்கள் ஒன்றாக உட்காரும் பழக்கம் முன்பே இருந்ததால்தான் இந்தத் திருத்தம் நடந்தது. அந்தப் பழக்கம் இல்லாத தொழிலில் ஒவ்வொருவரும் தம் எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

சங்கங்கள் செய்தவை

வடிகட்டலுக்கென்றே இயங்கும் சங்கம் பிரிட்டனில் 1964-இல் தொடங்கியது. உலக வடிகட்டல் மாநாடு முதன்முதலில் 1974-இல் பாரீஸில் கூடியது. பிறகு லண்டன், நகோயா, புடாபெஸ்ட், லைப்சிக், தைபே என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் ஊராகக் கூடிவருகிறது. அமெரிக்க வடிகட்டல் மற்றும் பிரிப்புச் சங்கம் 1987-இல் உருவானது.

அமெரிக்கச் சங்கம் விருது வழங்கும் பெயர்களில் ஒன்று ஃபிராங்க் டில்லர். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த விஷயம் நம் ஃபில்டர் பிரஸ் ஆபரேட்டர்களுக்கு மிக நெருக்கமானது. ஸ்லட்ஜைப் பிழியும்போது பம்பின் அழுத்தத்தைக் கூட்டினால் தண்ணீர் வேகமாக வரும் என்று எவருக்கும் தோன்றும். கெட்டியான, நசுங்காத துகள்களாக இருந்தால் வரும். உயிரியல் தொட்டியிலிருந்து வரும் ஸ்லட்ஜ் நசுங்கக்கூடியது. அழுத்தம் ஏறினால், துணியை ஒட்டிய மெல்லிய அடுக்கு மட்டும் இறுகிப்போகிறது. ஏறிய அழுத்தம் முழுவதையும் அந்த அடுக்கே விழுங்கிவிடுகிறது. அதற்கு மேலே உள்ள கேக் ஈரமாகவே இருக்கிறது. ஓர் எல்லைக்கு மேல் அழுத்தத்தை இரட்டிப்பாக்கினாலும் நீர்வரத்து ஏறத்தாழ அப்படியே இருக்கும். துணி மட்டும் சீக்கிரம் அடைபடும். தட்டைத் திறந்தால் ஓரம் கெட்டியாகவும் நடு கூழாகவும் இருக்கும் கேக்கைப் பார்க்காத ஆபரேட்டர் இந்த அரங்கில் இருக்க மாட்டார். அதன் காரணம் கணக்காகவே எழுதப்பட்டிருக்கிறது. அது அமெரிக்காவில் சங்கக் கூட்டங்கள், குறும்பயிற்சிகள் வழியாகத் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. நம்மூரில் அதைக் கொண்டுசேர்க்க வேண்டிய பாதையைத்தான் நாம் இன்னும் சரியாக அமைக்கவில்லை.

நொய்யல் கற்றுத்தந்தது

வெள்ளியங்கிரி மலையில் தொடங்கி, கோவை, திருப்பூர் வழியே ஓடிக் காவிரியில் சேரும் நொய்யலின் கதை இந்த அரங்கில் பலருக்கு வாழ்க்கையாகவே தெரியும். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் சாயத் தொட்டியில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்புப் போட வேண்டும். சாயத்தில் ஒரு பங்கு துணியில் ஏறும், மீதி நீரோடு போகும். உப்போ ஏறக்குறைய முழுவதும் நீரோடு போகும். நிறத்தை எடுத்துவிடலாம், கரைந்த உப்பை எந்த மணலும் எந்தத் துணியும் பிடிக்காது. அந்த உப்புநீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையின் நீரைத் திறக்கவேண்டாம் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2011 ஜனவரியில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முன்பே, 1996-இல், வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில்தான் மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டத்தில் நிலைநிறுத்தியது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் முக்கியப் பக்கங்கள் நம் ஆறுகளின் கரையில் எழுதப்பட்டவை.

மூடியவை மீண்டும் திறந்தது பிரித்தெடுக்கும் தொழில்நுட்பத்தால். ஒரு துளியும் வெளியே விடக்கூடாது என்ற இசட்.எல்.டி. நிபந்தனையின் கடுமையைச் சிறு கணக்கால் காட்டுகிறேன். கழிவுநீரில் லிட்டருக்கு 6 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆற்றில் விடுவதற்கான வரம்பு லிட்டருக்கு 2.1 கிராம். ஆர்.ஓ. மூலம் 90 சதவீதத்தை நல்ல நீராக மீட்டால், மிஞ்சும் 10 சதவீத ரிஜெக்டில் உப்பு ஏறத்தாழ 60 கிராமாக இருக்கும். கடல்நீரில் இருப்பது 35 கிராம்தான். கடல்நீரின் ஊடுபரவல் அழுத்தமே 27 பார் அளவு. 60 கிராம் உப்புநீரைத் தோல் வழியே தள்ள எவ்வளவு அழுத்தம் தேவைப்படும் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பாருங்கள். முதல் 90 சதவீதத்தைவிடக் கடைசி 10 சதவீதம் கடினம் என்பது விளங்கும். அங்கே எவாப்பரேட்டர் வருகிறது, நீராவிச் செலவு வருகிறது.

அந்தக் கடைசிக் கட்டத்தில் நம் பொறியாளர்கள் காட்டிய திறமை பாராட்டுக்குரியது. சாயத்துக்குச் சோடியம் சல்ஃபேட் பயன்படுத்தினால், அதன் கரைதிறன் 32.4 டிகிரி செல்சியஸில் உச்சம். குளிரக் குளிர மளமளவென்று இறங்கும். சாதாரண உப்பின் கரைதிறனோ குளிரில் அதிகம் மாறாது. ஆகவே செறிந்த உப்புநீரைக் குளிர்வித்தால் சோடியம் சல்ஃபேட் கிளாபர் உப்பு என்ற படிகமாக விழும். மற்றவை கரைசலிலேயே நிற்கும். அந்தப் படிகம் திரும்பவும் சாயப்பட்டறைக்கே போகிறது. உப்புநீரைச் சுத்தம்செய்து நேரடியாகவே சாயமேற்றப் பயன்படுத்தும் முறையும் திருப்பூரில் நிலைபெற்றது. ஆற்றைக் கெடுத்த உப்பு பட்டறைக்குத் திரும்பும் மூலப்பொருளானது. இது சிறிய சாதனை அல்ல.

இந்த அமைப்பு முழுவதும் நாள்தோறும் ஒரு சிறு சோதனையை நம்பி ஓடுகிறது. நீர் மெம்பிரேனை எவ்வளவு அடைக்கும் என்று காட்டும் எஸ்.டி.ஐ. சோதனையைச் சொல்கிறேன். 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள, 0.45 மைக்ரான் துளை கொண்ட வெள்ளை வட்டத் தாளை ஒரு சிறு கூட்டில் வைத்து, 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஆர்.ஓ.வுக்குப் போகும் நீரை விடுகிறோம். 500 மில்லிலிட்டர் சேர எவ்வளவு நேரம் என்று பார்க்கிறோம். 15 நிமிடம் நீரை ஓடவிட்டு மறுபடி 500 மில்லிலிட்டருக்கு நேரம் பார்க்கிறோம். முதலில் 30 விநாடி, பிறகு 60 விநாடி என்றால் எஸ்.டி.ஐ. 3.3. இரண்டாவது 120 விநாடி ஆகிவிட்டால் 5. அந்த எல்லையைத் தாண்டிய நீரை மெம்பிரேனுக்கு விடக்கூடாது. எண்ணைவிட அந்தத் தாள் அதிகம் பேசும். துருநிறம் என்றால் இரும்பு. பச்சை கலந்திருந்தால் பாசி. வழவழப்பாகப் படிந்திருந்தால் உயிரியல் தொட்டியில் கோளாறு. மங்கலான ஊதாவோ சிவப்போ தெரிந்தால் நிறநீக்கும் ரெசின் தீர்ந்துவிட்டது என்று தேர்ந்த ஆபரேட்டர் வாய்விட்டுச் சொல்லிவிடுவார். அந்தத் தாளை உலர்த்தித் தேதி, நேரம் எழுதி லாக்புக்கில் ஒட்டிவைத்தால், ஒரு வருட லாக்புக் அந்த நிலையத்தின் மருத்துவ அறிக்கையாகிவிடும்.

இந்த அறிவு அந்த ஆபரேட்டரிடம் இருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போனால் அதுவும் போய்விடுகிறது. ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த நிலையம் அதே பாடத்தை அதே விலை கொடுத்து மறுபடி கற்கிறது. குளோரின் மிச்சம் தெரியாமல் பாலிஅமைடு மெம்பிரேனுக்குப் போய் ஒரு தொகுதிக் குழல்கள் பாழாவது, ஸ்கேலிங் ஏறியபின் தவறான கிளீனிங் செய்வது, எவாப்பரேட்டர் குழாய் அரிப்பு எல்லாமே இப்படித் திரும்பத் திரும்ப நடப்பவை. இழப்பு பணத்தோடு நிற்பதுமில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர் நிலையத்தின் ஸ்லட்ஜ் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் உயிரிழந்தார்கள். ஸ்லட்ஜ் எவ்வளவு தேங்கலாம், தொட்டி எவ்வளவு தாங்கும் என்பதும் நம் தொழிலின் பொறுப்புக்குள் வருவதே.

நமக்கு வேண்டிய சங்கம்

ஏற்றுமதியாளர் சங்கம் இருக்கிறது, சாயப்பட்டறை உரிமையாளர் சங்கம் இருக்கிறது, இன்னொன்று எதற்கு என்று கேட்கலாம். அவை தொழிலின் நலனுக்காகப் பேசுபவை. அந்த வேலை தேவையானது. தொழில்முறைச் சங்கத்தின் உறுப்பினர் கம்பெனி அல்ல, தனிமனிதர். அவர் எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் உறுப்பினராகவே இருப்பார். அவருடைய முதல் கடமை சரியாக அளப்பதே.

ரகசியம் வெளியே போய்விடுமே என்ற அச்சமும் உண்டு. சாயக் கலவை ரகசியமாக இருக்கலாம். மெம்பிரேன் ஏன் அடைபட்டது என்பது ரகசியமாக இருக்க வேண்டியதில்லை. அதை மறைப்பதால் போட்டியாளர் நட்டப்படுவார், நாமும் அடுத்தமுறை அவருடைய பாடம் கிடைக்காமல் நட்டப்படுவோம்.

சங்கம் முதலில் மூன்று வேலைகளை எடுத்துக்கொள்ளட்டும்.

முதலாவது, ஒரு பொதுச் சோதனை மேசை. கார்ட்ரிட்ஜ், ஃபில்டர் துணி, ரெசின், மெம்பிரேன் எதுவானாலும் உறையில் அச்சிட்டதை நம்பாமல் இங்கே சோதித்து வாங்கும் நிலை வர வேண்டும். டெண்டரில் நாமினல் மைக்ரானைக் கேட்பதை நிறுத்தி, எந்த அளவுத் துகளில் எத்தனை சதவீதம் என்று கேட்கும் வாசகத்தைச் சங்கம் எழுதித் தர வேண்டும். கெட்டுப்போன மெம்பிரேனை அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்லும் வசதியும் இங்கேயே இருக்கட்டும். வெளியூருக்கு அனுப்பி அறிக்கைக்குக் காத்திருக்கும் வாரங்களில் அடுத்த தொகுதியும் கெட்டுவிடும். சோதனைக் குழுவில் விற்பனையாளர்கள் இருக்கலாம், பெரும்பான்மையாக இருக்கக்கூடாது.

இரண்டாவது, ஒரு தோல்விப் பதிவேடு. நிலையத்தின் பெயரும் ஆளின் பெயரும் நீக்கி, என்ன நடந்தது, என்ன அறிகுறி முதலில் தெரிந்தது, எப்படிச் சரியானது என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். மாதம் ஒரு மாலைக் கூட்டத்தில் அதை வாசித்துப் பேசினாலே போதும். ஆல்டோனாவின் உறைந்த தொட்டியை ஜெர்மனி மறைக்கவில்லை. அதனால்தான் உலகுக்கு ஒரு விதி கிடைத்தது.

மூன்றாவது, ஆபரேட்டருக்கான பயிற்சியும் சான்றிதழும். மெம்பிரேனைக் காப்பதும் கெடுப்பதும் இரவு ஷிஃப்டில் வால்வைத் திருப்பும் கைதான். அந்தக் கைக்கு உரிய மதிப்பு நம் தொழிலில் இல்லை. தமிழில் பாடநூல் வேண்டும். வெளிமாநிலத்திலிருந்து வந்து வேலை செய்பவர்களுக்கு அவர்கள் மொழியிலும் வேண்டும். தேர்வு பேப்பரில் மட்டும் நடக்காமல் நிலையத்தில், கருவியின் முன்னால் நடக்க வேண்டும். தொட்டிக்குள் இறங்கும் முன் நச்சுவாயு சோதிப்பது அந்தப் பயிற்சியின் முதல் பாடமாக இருக்க வேண்டும். தேறியவர் சங்கத்தில் முழு உறுப்பினர். பொறியாளருக்கு உள்ள அதே வாக்கு அவருக்கும் உண்டு.

ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகளுக்கும் இந்தச் சங்கத்தில் இடம் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நம்முடைய வேலை சரியாக நடக்கிறதா என்பதைக் கிணற்று நீரில் முதலில் உணர்பவர்கள் அவர்கள். நீதிமன்றப் படியில் மட்டுமே அவர்களைச் சந்தித்த காலம் போதும். நம் அளவுகளை அவர்கள் முன்னால் வைத்துப் பேசும் துணிவு வந்தால்தான் நம் அளவுகள் உண்மையானவை.

கல்லூரிகளுக்கும் ஒரு சொல். நுண்துளைகள் வழியே நீர் பாய்வதைச் சொல்லும் டார்சி விதியைக் கரும்பலகையில் எழுதி முடித்தபின் மாணவர்களை ஒரு நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு பருவம் முழுவதும் எஸ்.டி.ஐ. தாள்களைச் சேகரித்து, நிறத்தையும் நேரத்தையும் படித்து அறிக்கை எழுதச் சொல்லுங்கள். அந்த அறிக்கை மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல் சங்கக் கூட்டத்தில் வாசிக்கப்படட்டும். மினசோட்டாவில் பல்கலைக்கழகமும் தொழிலும் இப்படித்தான் ஒன்றையொன்று வளர்த்தன.

நண்பர்களே, சட்டத்துக்குப் பயந்து சுத்திகரிக்கக் கற்றுக்கொண்டோம். அடுத்து, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளத் தொடங்க வேண்டும். பணமும் கருவியும் நம்மிடம் இருக்கின்றன. பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது. கூடி உட்காரும் பழக்கம் ஒன்றுதான் பாக்கி. இந்த உரை முடிந்தபின் அரங்க வாசலில் ஒரு பதிவேடு வைக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் ஒரு பொறியாளரும் ஓர் ஆபரேட்டரும் அதில் பெயரெழுதிவிட்டுச் செல்லுங்கள். முதல் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் நிலையத்தில் நேர்ந்த ஒரு தோல்வியை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துவாருங்கள். சங்கத்தின் முதல் ஆவணம் அதுவாகவே இருக்கட்டும்.